போர்ட்டர் ஓடையின் சாணைக்கற்கள்

(இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த ஊருக்கு வந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆனவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஹண்டர்ஸ் பார் சந்திப்பை எத்தனையோ முறை காரில் சுற்றிக் கடந்திருப்பீர்கள். அதன் நடுவே நிற்கும் கல்தூண்கள் பழைய சுங்கவாயிலின் தூண்கள். அங்கிருந்து என்ட்கிளிஃப் பூங்காவுக்குள் நுழைந்து, ஓடையின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் ஃபோர்ஜ் டாம் என்ற குளம் வந்துவிடும். வழி நெடுக மரநிழல். அந்த நடையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓடையின் பெயர் போர்ட்டர். போர்ட்டர் என்றொரு கறுத்த பீர் உண்டு. மேட்டு நிலத்திலிருந்து பழுப்பேறி இறங்கி வரும் இதன் நீர் அந்த நிறத்தில் இருந்ததால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பல இடங்களில் ஒரு சிறுவன் தாண்டிக் குதித்துவிடக்கூடிய அகலம்தான். ஆனால் இந்தச் சிற்றோடையை நம்பி ஒரு காலத்தில் இருபது ஆலைகள் வரை ஓடின. ஷெஃபீல்டின் ஐந்து ஆறுகளையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல். உலகமெங்கும் போன ஷெஃபீல்டு கத்திகளுக்குக் கூர் கொடுத்தது இந்தத் தண்ணீர்.

பூங்காவில் பிள்ளைகள் வாத்துகளுக்குத் தீனி போடும் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வெட்டியவை அல்ல; ஆலைகளுக்கு நீர் தேக்கிய குளங்கள். அணையைத்தானே எல்லோரும் டாம் என்பார்கள்? இந்த ஊர்க்காரர்கள் குளத்தையே டாம் என்பார்கள். ஓடையின் குறுக்கே தாழ்வாக ஓர் அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால், வாய்க்கால் நிரப்பும் குளம், குளத்துக்கு ஒரு மதகு, மதகின் கீழே சக்கரம். சக்கரத்தைச் சுற்றிவிட்ட நீர் மீண்டும் ஓடையில் சேரும். கொஞ்ச தூரத்தில் அடுத்த ஆலைக்காரர் அதே நீரைப் பிடித்துக்கொள்வார். ஏரிப் பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூங்காவைத் தாண்டும் முன் ஒரு நினைவுக்கல் வரும். 1944 பிப்ரவரி 22 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று அங்கே விழுந்து, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். பிள்ளைகளோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

இனி ஷெப்பர்ட் வீல். நான் இயந்திரவியல் கற்பித்தவன். எத்தனையோ பெரிய டர்பைன்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பேத்திக்கு ஆற்றல் என்றால் என்னவென்று புரிந்த இடம் இதுதான். வீல் என்ற சொல் இங்கே சக்கரத்தை மட்டும் குறிப்பதில்லை; சாணை பிடிக்கும் பட்டறை முழுவதற்கும் அதுதான் பெயர். 1584ஆம் ஆண்டின் உயில் ஒன்றிலேயே இந்தப் பட்டறை வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் இதை நடத்திய ஷெப்பர்ட் என்பவரின் பெயர் பிறகு நிலைத்துவிட்டது. 1930 வரை இங்கே வேலை நடந்தது. அதன்பின் பாழடைந்து, ஒருமுறை சீரமைக்கப்பட்டு, மறுபடி மூடப்பட்டு, 2012இல் மீண்டும் சுழலத் தொடங்கியது. வார இறுதியில் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது.

சக்கரத்தின் விட்டம் 18 அடி. மதகைத் திறந்ததும் முதலில் ஒன்றும் நடக்காது. நீர் மேலிருந்து விழுந்து தொட்டி தொட்டியாக நிறையும். பிறகு ஒரு முனகல். சக்கரம் தயங்கித் தயங்கி அசைந்து, அதன்பின் நிற்காமல் சுற்றும். அதைத் தள்ளுவது நீரின் வேகம் அல்ல, எடை. உள்ளே பற்சக்கரமும் வார்ப்பட்டைகளும் அந்தச் சுழற்சியைச் சாணைக்கற்களுக்குக் கொண்டுபோகும். "தாத்தா, தண்ணீருக்கு இவ்வளவு கனமா?" என்று என் பேத்தி கேட்டாள். பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எதிரில் சக்கரம் சொல்லிக்கொண்டிருந்தது.

சீரமைப்பு என்றால் சுவரைப் பூசி, பலகை மாட்டி, கயிறு கட்டித் தள்ளி நிற்க வைப்பது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஓடாத இயந்திரத்தைப் பார்க்கும் குழந்தை ஒரு பழைய சாமானைப் பார்க்கிறது. ஓடும் இயந்திரத்தைப் பார்க்கும் குழந்தை வேலையைப் பார்க்கிறது.

அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாணை பிடிப்பவர் குதிரைமேல் ஏறுவது போல மரப்பலகையில் கால் விரித்து அமர்ந்து, முன்னால் சுழலும் கல்லின்மீது குனிந்து கத்தியை அழுத்துவார். தொட்டி நீரில் கல் நனைந்தபடி சுழலும். மஞ்சள் நிறச் சேறு முகத்திலும் சுவரிலும் தெறிக்கும். சில சமயம் கல்லே பிளந்து ஆளைக் கொன்றுவிடும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத தூசி. நனைத்துச் சாணை பிடிக்கும் இடத்திலும் புதுக் கல்லைச் சீராக்கும்போது மணற்கல் தூசி பறக்கும். முள்கரண்டி, ஊசி போன்றவற்றை உலர்ந்த கல்லில் தீட்டியவர்களின் நிலை இன்னும் மோசம். 1830 வாக்கில் ஆர்னல்டு நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்: உலர்கல்லில் முள்கரண்டி தீட்டுவோர் 28 முதல் 32 வயதுக்குள் இறக்கிறார்கள், ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டுவோர் 40 முதல் 50 வயதுக்குள் இறக்கிறார்கள். ஆபிரகாம் என்ற பள்ளி ஆசிரியர் இரும்புத் துகளை ஈர்த்துப் பிடிக்கக் காந்தக் கருவி ஒன்று செய்து கொடுத்தார். தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. எல்லோரும் நெடுநாள் வாழ்ந்தால் தொழிலில் ஆள் பெருகிக் கூலி குறைந்துவிடும் என்று அஞ்சினார்கள். சாவுதான் கூலியைக் காக்கிறது என்று ஒரு மனிதன் நினைக்கும்படி ஆன காலம் அது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மருத்துவர் இன்னொன்றையும் கவனித்தார். ஓடைக்கரைப் பட்டறைகளில் இந்த நோய் குறைவாக இருந்ததாம். குளம் வற்றினால் சக்கரம் நிற்கும். கோடையில் ஓடை மெலிந்தால் வேலை இருக்காது; கூலியும் இருக்காது, உண்மைதான். ஆனால் ஆட்கள் வெளியே வந்தார்கள், வயலில் வேலை செய்தார்கள், நுரையீரலுக்குக் காற்றுக் கிடைத்தது. நீராவி எஞ்சின் வந்தது. அதற்குக் கோடையும் இல்லை, வறட்சியும் இல்லை. நகரத்துக்குள் நெருக்கமான அறைகளில் ஆண்டு முழுவதும் கல் சுழன்றது. மனிதன் சீக்கிரம் தேய்ந்தான். ஷெப்பர்ட் வீலின் குளக்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான். அந்தக் குளம் வேலைக்கு நீர் கொடுத்தது. வற்றி, ஓய்வையும் கொடுத்தது.

நமக்கும் இந்த ஊருக்கும் உள்ள ஓர் உறவையும் சொல்லிவிடுகிறேன். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்குத் தாது போனது சேலத்து மலைகளிலிருந்து. அந்த ஆலை அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் அவர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஷெஃபீல்டில் நல்ல உருக்கு மலிவாகக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததோ நீண்ட வழக்குகள்தான், 1851இல் இறந்தார். பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் பட்ட அனுபவமும் இந்த ஊர்க் கத்திகளில் இருக்கிறது.

ஷெப்பர்ட் வீலுக்கு மேலே வைட்லி காடு. சற்று நேரத்தில் வயர் மில் குளம் வரும். கத்திப்பிடி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வெள்ளியும் செம்பும் ஒட்டிக்கொள்வதை 1743இல் கண்ட தாமஸ் போல்சோவர் இங்கேதான் ஆலை நடத்தினார். ஷெஃபீல்டு பிளேட் எனப்படும் வெள்ளித்தகட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அவர் கண்டுபிடிப்பில் பிறந்தவை. அங்கிருந்து ஃபோர்ஜ் டாம் எட்டும் தூரம்தான். ஊஞ்சல் உண்டு, சறுக்கு மரம் உண்டு, தேநீர்க் கடையும் உண்டு.

பூங்காப் பகுதியில் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாம். காட்டுப் பகுதியில் வேரும் சேறும் இருக்கும்; சின்னக் குழந்தையைத் தூக்கித்தான் போக வேண்டும். ஓடையைக் கடக்கப் படிக்கற்கள் போட்டிருக்கிறார்கள். அவற்றின் மேல் நடக்காமல் எந்தப் பிள்ளையும் வராது, நனையாமலும் வராது. மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பூங்கா வாயிலில் பேத்தியோடு நிற்பேன். போன வாரம் நல்ல மழை, குளம் நிறைந்திருக்கிறது. மதகைத் திறப்பார்கள்.