காகம் இருக்கப் பனம்பழம்

வணக்கம் நேயர்களே. "தடுப்பூசியும் இதய நலமும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள் நான், கடைசிப் பத்து வருடமும் இதய நோய்க் கிளினிக்கில். ஆனால் இன்றைக்கு ஒரு செத்தவீட்டிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

எங்கள் திருகோணமலையில்தான். இறந்தவருக்கு ஐம்பது வயது ஆகவில்லை. விடியற்காலையில் நெஞ்சு இறுக்குகிறது என்றிருக்கிறார், வியர்த்துக் கொட்டியிருக்கிறது. காஸ் என்று நினைத்து இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுத்தவர், பிறகு எழும்பவில்லை. பந்தலுக்குக் கீழே கதிரைகளில் இருந்தவர்கள் மத்தியானத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "கொரோனா ஊசிதான் காரணம்." அவர் எட்டு மாதமாகப் பிரஷர் குளிசை போடவில்லை என்பது எனக்குத் தெரியும். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் என்பது ஒழுங்கைக்கே தெரியும். செத்தவீட்டில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? சோடாவைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். 2021 ஜனவரிக் கடைசியில் இலங்கையில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியது. கொஞ்ச மாதத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு மாரடைப்பு வந்தவர்களில் அநேகமானோர் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்? எல்லாரும் சோறு சாப்பிட்டவர்கள்கூடத்தான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இது. எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் மரணங்களுக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பு முதல் காரணமாக இருப்பது கொரோனாவுக்குப் பல வருடம் முந்திய சங்கதி. பனம்பழம் அப்போதே விழுந்துகொண்டுதான் இருந்தது.

சரி, ஊசிதான் இதயத்தைக் கெடுத்தது என்ற கதையில் உண்மை துளிகூட இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துவிட்டு "எல்லாம் பொய்" என்று அடித்துச் சொல்வதால்தான் சனத்துக்குச் சந்தேகம் கூடுகிறது என்பது என் அபிப்பிராயம். பைசர், மொடேர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுக்கு (வைரஸை வைக்காமல், அதன் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுப்பவை) பிறகு மிகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. கூடுதலாக வந்தது இளம் ஆண்களுக்கு, பெரும்பாலும் இரண்டாவது ஊசிக்குப் பின் ஒரு கிழமைக்குள். அவர்களில் அநேகர் ஓய்வோடும் சாதாரண சிகிச்சையோடும் தேறிவிட்டார்கள். அதே அழற்சியைக் கொரோனா நோயும் உண்டாக்கும், மொத்தத்தில் பார்த்தால் ஊசியைவிடக் கூடுதலாக. இன்னொன்று. எங்கள் நாட்டில் கூடுதலான ஆட்களுக்கு முதல் இரண்டு தரமும் கிடைத்தது சினோபார்ம். அது எம்.ஆர்.என்.ஏ. வகையே அல்ல, செயலிழக்க வைத்த வைரஸைக் கொண்டு செய்தது. இரண்டு சினோபார்ம் போட்டுவிட்டுப் பிறகு ஊசிப் பக்கமே போகாதவர்கள்கூட, இரண்டு வருடம் கழித்து வந்த நெஞ்சுவலிக்குப் பைசர் பற்றிய வொய்ஸ் மெசேஜைக் காட்டி என்னோடு வாதாடியிருக்கிறார்கள்.

இதயத்துக்குப் பயந்து ஊசியை விடுகிறவர்கள் கவனிக்காத ஒரு விசயம், இதயத்தை அடிப்பது அநேகமாக அந்த ஊசி தடுக்கிற நோய்தான் என்பது. இன்புளுவென்சாவை எடுங்கள். சும்மா காய்ச்சல், தடிமன், கொத்தமல்லி அவித்துக் குடித்தால் போய்விடும் என்போம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், இன்புளுவென்சா என்று உறுதியான முதல் ஏழு நாளுக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே ஆட்களுடைய மற்ற நாட்களோடு பார்க்க ஆறு மடங்காக இருந்தது. ஏன்? காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்கும், அதற்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும். நுரையீரலோ சளி பிடித்துக் கிடக்கும். உடம்பு முழுக்க அழற்சி. இரத்தக்குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படிந்திருந்த கொழுப்புத் திட்டு அந்த நேரம் பார்த்து வெடிக்கும், அதன் மேல் இரத்தம் உறையும். அடைப்பு.

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்த ஆட்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று நாளுக்குள் இன்புளுவென்சா ஊசியும் மற்றப் பகுதியினருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். எட்டு நாடுகள், பங்களாதேஷும் அதில் ஒன்று. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள், மறுபடி மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலைக் குழாய்) அடைத்தவர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினால், உப்புநீர் போட்டவர்களில் நூற்றுக்கு 7.2, ஊசி போட்டவர்களில் 5.3. 2021இல் வெளியானது இது. ஊசி இதயத்தை நிறுத்தும் என்பது உண்மையானால் இந்தக் கணக்கு மறுவளமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? இங்கே இது பொதுவாகக் காசு கொடுத்துப் போடும் ஊசி, வருடத்துக்கு ஒரு தரம். எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்று தெரியும். அந்தக் காசு இருந்து, இதய வருத்தமோ சீனி வருத்தமோ இருந்தால், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளின் ஊசிகளும் இதயத்தோடு சம்பந்தப்பட்டவைதான். தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) நோயின் நஞ்சு நேரே இதயத் தசையைத் தாக்கும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளை கண்ணில் படலத்தோடும் காது கேளாமலும் இதயக் குறைபாட்டோடும் பிறக்கலாம். 1996இல் ருபெல்லா ஊசி இங்கே வந்த பிறகு பயிற்சிக்கு வந்த இளம் தாதிகளுக்கு அப்படி ஒரு பிள்ளையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பே அரிதாகிவிட்டது. நல்ல காலம். ஆனால் பார்க்காத நோய்க்கு யார் பயப்படுவார்கள்? சின்னமுத்தை ஒழித்துவிட்டோம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினோம். 2023இல் அது திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கடற்கரையில் ஊசிக்கும் சொட்டு மருந்துக்கும் எவ்வளவு பாடுபட்டோம் என்று இன்றைய இளம் தாய்மாருக்குத் தெரியாது. 1990களின் நடுப்பகுதியில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போலியோச் சொட்டு மருந்துக்காகச் சில நாட்கள் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூதூர் லோஞ்சில் போன அந்த வெயிலை நான் மறக்கவில்லை. பெட்டி சூடாகக் கூடாது என்று என் சீலைத் தலைப்பால் மூடியிருந்தேன், தலை காய்ந்துபோனது. இந்த நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல்.

இனி வதந்தியைப் பற்றி. எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் கணவருக்கு இரண்டு ஸ்டென்ட். இன்புளுவென்சா ஊசி போட்டால் ஸ்டென்ட் கழன்றுவிடும் என்று ஒரு வொய்ஸ் வந்து, மாமி அதை முப்பது பேருக்கு அனுப்பிவிட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டேன். "பெரிய டொக்டர் சொன்னது" என்று இருந்தது, எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம், ஒன்றும் இல்லை. "மாமி, மீன்காரரிடம்கூட எந்தக் கரையில் பிடித்தது, எப்போது பிடித்தது என்று கேட்டுத்தானே வாங்குகிறீர்கள்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார். இரண்டு நாள் கை நோகிறது என்று மாமா என்னைத்தான் ஏசினார்.

மறக்க முன் ஒன்று. ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், நெஞ்சு இறுக்கி, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ நோவு பரவினால் இஞ்சித் தேத்தண்ணீர் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

நேற்று இரவு மாமியிடமிருந்து இன்னொரு வொய்ஸ் வந்தது, இந்த முறை பூண்டும் எலுமிச்சம் பழமும் இதய அடைப்பைக் கரைக்கும் என்று. ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "பிள்ளை, இது உண்மையோ? இன்னும் ஒருத்தருக்கும் அனுப்பவில்லை." நான் இன்னும் பதில் போடவில்லை. இங்கிருந்து போனதும் அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். வணக்கம்.