செம்பவாங்: கடற்படைத் தளத்தின் பின்கட்டு

(திரையில்: சிங்கப்பூர் வரைபடம். கேமரா தென்கரையை விட்டு வடகரைக்கு நகர்கிறது.)

சிங்கப்பூர் என்றதும் எல்லாருக்கும் தென்கரைதான் நினைவுக்கு வரும். மெரினா, சிங்கப்பூர் ஆறு, சிராங்கூன் சாலை எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றாலும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இது எனக்குப் பழைய வருத்தம். தீவின் மறுகோடியில், ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி, இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் சம்பளம் வாங்கி, பிள்ளை பெற்று, கோயில் கட்டி வாழ்ந்த ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் செம்பவாங்.

(திரையில்: நீரிணை. எதிர்க்கரையில் பாசிர் கூடாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.)

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இந்தக் கரையில் நின்றால் எதிரே மலேசியா. நடுவில் ஓடும் நீரிணை அகலம் குறைந்தது, அலை அதிகம் இல்லாதது. ஆனால் பெரிய கப்பல் வந்து நிற்கும் அளவுக்கு ஆழமானது. இந்த ஆழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் அதுதான்.

ஆழத்தை யாரும் கண்டுகொள்ளாத காலமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தீவின் வடபகுதிக் காட்டை அழித்துச் சீனர்கள் காசுக்கட்டியும் மிளகும் பயிரிட்டார்கள். மண் சக்கையானதும் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மண்ணில் பால்மரம், அதாவது ரப்பர் மரம் வந்தது. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பணம் ஈட்டிய லிம் நீ சூன் இந்தப் பக்கத்தில்தான் கோலோச்சினார். பால்மரக் கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், வரிசைகளுக்கு நடுவே அன்னாசியை நட்டு அந்த இடைவெளியிலும் காசு பார்த்தார்கள். இன்றைய ஈசூன் நகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பால்மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மலாயாத் தோட்டங்கள் எங்கும் நடந்த கதைதான், விவரிக்கத் தேவையில்லை.

(திரையில்: 1920களின் கடற்படை வரைபடம். செங்கடல், இந்தியப் பெருங்கடல், சிங்கப்பூர்.)

இனிதான் ஆழத்தின் கதை. முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனுக்கு ஜப்பானைப் பற்றிக் கவலை வந்தது. கிழக்கே பெரிய கடற்படையை நிறுத்திவைக்கக் கையில் பணம் இல்லை. தளத்தை மட்டும் கட்டிவைப்போம், ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்களை அனுப்பிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இடம் எது என்ற கேள்விக்கு, தீவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்த நீரிணையே விடையானது. திறந்த கடலில் நிற்கும் எதிரிக் கப்பல் நேராகச் சுட முடியாது. 1924இல் ஜோகூர்க் கடற்பாலம் திறந்ததும் மேற்கு வழி அடைபட்டுப் போனது. கப்பல் உள்ளே வர வேண்டுமானால் கிழக்கே சாங்கி முனையைத்தான் கடக்க வேண்டும். அந்த வாயிலைக் காக்கச் சாங்கியில் 15 அங்குல பீரங்கிகளை நிறுத்தினார்கள்.

இடத்தை 1923இல் முடிவு செய்தாலும் வேலை தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. 1924இல் லண்டனில் தொழிற்கட்சி அரசு வந்ததும் நிறுத்தினார்கள். அந்த அரசு அதே ஆண்டில் கவிழ்ந்ததும் மீண்டும் தொடங்கினார்கள். சதுப்பு நிலத்தைத் தூர்த்து, செம்பவாங் ஆற்றையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். 1928இல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் கட்டிய மாபெரும் மிதவைத் துறையை (கப்பலைத் தூக்கி நிறுத்திப் பழுதுபார்க்கும் மிதக்கும் மேடையை)த் துண்டு துண்டாக இழுவைக் கப்பல்களில் கட்டி, சூயஸ் கால்வாய் வழியாக இழுத்து வந்தார்கள். 1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் உலர்துறையும் (கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் துறை) திறக்கப்பட்டது. நீளம் சுமார் 1,000 அடி. செலவுக் கணக்கு 6 கோடி பவுண்டு என்பார்கள்.

இவ்வளவு செய்தும், கப்பல்கள் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. 1941 டிசம்பர் 2 அன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய இரண்டு போர்க்கப்பல்கள் இங்கே வந்து சேர்ந்தன. எட்டே நாளில், டிசம்பர் 10 அன்று, குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரியில் எதிரி கடல் வழியாக வரவே இல்லை. எந்தக் கரையின் பின்னால் தளம் ஒளிந்திருந்ததோ, அந்த ஜோகூர்க் கரையிலிருந்தே வந்துவிட்டான். அதற்குள் கடற்படையினர் தளத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

(திரையில்: கறுப்பு வெள்ளை பங்களாக்கள். பிறகு வெறும் புல்வெளி.)

இதுவரை சொன்னதை எந்தப் போர் வரலாற்றிலும் படித்துவிடலாம். தளத்தின் முன்கட்டு அது. இனி பின்கட்டுக்குப் போவோம்.

இவ்வளவு பெரிய தளத்தை யார் ஓட்டினார்கள்? வெல்டர், பெயின்டர், கொத்தனார், பண்டகசாலைக் காப்பாளர், எழுத்தர், சமையல்காரர், காவலர் என்று ஆயிரக்கணக்கானவர்கள். தமிழர்களும் மலையாளிகளும் பெருந்தொகையினர். காவல் பணியில் பஞ்சாபியர், மலாய்க்காரர். கடைத்தெருவில் சீனர். ஊர் வழக்கில் இந்த இடம் முழுவதற்கும் ‘நேவல் பேஸ்’ என்றே பெயர். “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “நேவல் பேஸில்” என்றுதான் பதில் வரும். தெருக்களுக்கோ சாம்ராஜ்யத்தின் ஊர்ப் பெயர்கள்: கேன்பரா, வெலிங்டன், ஒட்டாவா, டெல்லி, ஜிப்ரால்டர். ஆஸ்திரேலியாவைக் கண்ணால் பார்க்காத எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டு முகவரி கேன்பரா சாலை!

தளத்தின் வேலிக்கு வெளியே கம்பங்கள், அதாவது கிராமங்கள். அத்தாப்பு என்னும் ஓலைக் கூரை, துத்தநாகத் தகட்டுக் கூரை, கிணறு, கோழி, வாழை. மாலையில் காப்பிக் கடை. எல்லாருக்கும் பொதுவான சந்தைப்பேட்டை சோங் பாங் கிராமம். அதற்கு முதலில் வெஸ்ட்ஹில் என்று பெயர். லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங் 1956இல் மறைந்தபின் அவர் பெயரைச் சூட்டினார்கள். அங்கே சுல்தான் தியேட்டர் என்று ஒரு படக்கொட்டகையும் இருந்தது. மலையாளிகள் நூலகமும் நாடகமும் நடத்தினார்கள். நேவல் பேஸ் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் சிங்கப்பூர் அரசியலே காது கொடுத்துக் கேட்டது.

(திரையில்: முருகன் கோயில், பங்குனி உத்திரக் காவடிகள்.)

சம்பளமும் கூரையும் கிடைத்த இடத்தில் தமிழன் அடுத்து என்ன தேடுவான்? முருகனைத்தான். 1960களில் கேன்பரா சாலையை ஒட்டி ஒரு மரத்தடியில் தளத் தொழிலாளர்கள் வழிபாடு தொடங்கினார்கள். அது கோயிலானது. புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்ற பெயரில் அந்த மரம் இன்னும் இருக்கிறது. தைப்பூசம் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு என்றால், பங்குனி உத்திரம் இந்தக் கோயிலுக்கு. பால்குடம், காவடி, தேர் என்று வடக்கு வட்டாரமே திரண்டு வரும் திருவிழா அது. ஆனால் கோயில் பழைய இடத்தில் இல்லை. ஈசூனில், தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே, லாரிகள் போய்வரும் சாலையோரத்தில் நிற்கிறது. பஞ்சாபியர் கதையும் இதுதான். தளத்தையும் செம்பவாங்கையும் சேர்ந்த குருத்துவாராக்கள் ஒன்றுகூடி இன்றைய ஈசூன் குருத்துவாராவாகிவிட்டன. சோங் பாங் கிராமம்கூட இடம்பெயர்ந்தது. இன்று மக்கள் வரிசையில் நின்று சாப்பிடும் சோங் பாங் சந்தை ஈசூன் அடுக்குமாடிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அதிகாரிகள் வாழ்ந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இருந்த இடத்திலேயே, அதே மரங்களின் கீழ் நிற்கின்றன. கடற்படைத் தளபதி ஜெஃப்ரி லேட்டன் தங்கியிருந்த பியூலியூ இல்லம் செம்பவாங் பூங்காவில் உணவகமாகிவிட்டது. தொழிலாளர் குடியிருப்புகளோ பெரும்பாலும் போய்விட்டன. திட்டமிட்ட சதி என்று சொல்ல மாட்டேன். அழகான வீட்டைக் காப்பாற்றத் தோன்றும், நெரிசலான குடியிருப்பை இடிக்கத் தோன்றும், அவ்வளவுதான். ஆனாலும் பாரம்பரியம் என்று பலகை வைக்கும்போது பின்கட்டுக்கும் ஒரு பலகை வைத்திருக்கலாம்.

பழைய இடத்திலேயே நிலைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாலான் மெம்புரோங்கில், கடற்கரைக்கு அருகே, மரங்களுக்கு நடுவே ஒரு கம்பத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. பெத்தெம்பாத்தான் மலாயு செம்பவாங் பள்ளிவாசல், 1963இல் கட்டி முடித்தது. சுற்றியிருந்த மலாய்க் குடியிருப்பு கலைந்த பிறகும் தொழுகைக்கு மக்கள் தேடி வருகிறார்கள்.

(திரையில்: உலர்துறையில் சரக்குக் கப்பல்.)

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பி இருந்தது. நேவல் பேஸ் வீடுகளில் அந்த மாதம் எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போனால் கடவுச்சீட்டு எது, ஊர் எது என்ற கேள்விகளும் சேர்ந்தே எழும். சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் தங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கப்பல் பட்டறை ஒரு டாலர் அடையாளத் தொகைக்குச் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகள் எண்ணெய்க் கப்பல் பழுதுபார்க்கப் பழகின. நிர்வாகத்தை ஏற்றது யார் தெரியுமா? நாற்பது ஆண்டுக்கு முன் மிதவைத் துறையைக் கட்டி அனுப்பிய அதே ஸ்வான் ஹன்டர்!

அதன்பின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நகரம் எழுந்தது. 1996இல் செம்பவாங் எம்ஆர்டி ரயில் நிலையம், 2019இல் கேன்பரா நிலையம். பட்டறை நிலத்தையும் வருங்காலத்தில் கடலோரப் பொழுதுபோக்கு வட்டாரமாக மாற்றும் திட்டம் நகரச் சீரமைப்பு வரைவில் இருக்கிறது.

(திரையில்: வெந்நீர் ஊற்றுப் பூங்கா. குழாயடியில் வாளிகளுடன் குடும்பங்கள்.)

ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் வெந்நீர் ஊற்றையும் விட்டுவிடாதீர்கள். 1909 வாக்கில் வெளியுலகுக்குத் தெரியவந்த ஊற்று இது. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் 1921இல் இதை வாங்கித் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் குளியலறை கட்டினார்கள். பிறகு நெடுங்காலம் ராணுவ முகாம் நிலத்துக்குள் கிடந்தது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். தண்ணீர் ஊற்றெடுக்கும்போது வெப்பம் சுமார் 70 டிகிரி செல்சியஸ். படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறி, கால் நனைக்கும் பதத்துக்கு வருகிறது. மேல் தொட்டியில் காலை வைத்துவிடாதீர்கள். முட்டை வேகவைப்பதற்கென்றே தனி இடம் இருக்கிறது. முட்டையும் அதைப் போட ஒரு பாத்திரமும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது. அங்கிருந்து கடற்கரைக்கும் பள்ளிவாசலுக்கும் போக விரும்பினால், செம்பவாங் பஸ் நிலையத்தில் 882ஆம் எண் பஸ் ஏறுங்கள். கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் யாரேனும் ஒருவருடைய அப்பாவோ தாத்தாவோ நேவல் பேஸில் வேலை பார்த்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.