பாண்டாவை வேண்டாம் என்ற அரசு: சந்தேகங்களுக்கு விளக்கம்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "சீனாவும் தைவானும் அரசுக்கு அரசாக உட்கார்ந்து பேசுவதில்லை, அதற்கென்று ஆளுக்கொரு அமைப்பு வைத்திருக்கிறார்கள் என்று சென்ற உரையில் சொன்னீர்கள். அப்படியென்றால் 2005இல் தைவானின் எதிர்க்கட்சித் தலைவர் பெய்ஜிங்குக்கே போய்ச் சீனத் தலைவரைச் சந்தித்தது எப்படி? அது சொந்த அரசுக்குச் செய்த துரோகம் இல்லையா?"

இதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்கு எங்கள் சித்தப்பா நினைவாகவே இருக்கிறது. எங்கள் பெரியப்பா மகனுக்குப் பெண் பார்த்த சமயம். வீட்டுக்கு மூத்தவர் பெரியப்பா. வெற்றிலைத் தட்டோடு போய் உட்கார்ந்து, "கல்யாணம் எங்கள் ஊரில்தான்" என்றார். பெண்ணின் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "முந்தாநாள் உங்கள் தம்பி வந்திருந்தார். இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாரே?" என்றார். பெரியப்பா கையில் எடுத்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். கிணற்றுப் பங்குத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. பெண் வீட்டார்மேல் என்ன தப்பு சொல்ல முடியும்? வாசலில் வந்து நின்றவரை வரவேற்றார்கள். அண்ணன் தம்பியில் யார் பேச்சு தங்களுக்குச் சாதகம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழைய நேயர்களுக்கு நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சமாளித்துவிடலாம், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மாளைச் சமாளிப்பதுதான் பாடு. சலிப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், இன்னும் ஒரு முறை வரும்.

இனி லியென் சான். தம்பி கேட்ட அந்த எதிர்க்கட்சித் தலைவர் இவர்தான். 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு வந்த குவோமின்தாங் கட்சிக்கு அப்போது தலைவர். 2004 அதிபர் தேர்தலில் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சென் சுய்-பியானிடம் முப்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றவர். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சென் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, முடிவை ஏற்க மாட்டோம் என்று தெருவில் கூட்டம் கூடியது, வழக்கு நடந்தது. அந்தப் புண் ஆறுவதற்குள், 2005 மார்ச்சில், தைவான் பிரிந்துபோனால் படைபலம் பயன்படுத்தலாம் என்று, தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பெய்ஜிங் சட்டம் இயற்றுகிறது. அடுத்த மாதமே லியென் சான் விமானம் ஏறுகிறார். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களும் எதிர்க்க வந்தவர்களும் அடித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 29 அன்று சீனத் தலைவர் ஹு ஜின்டாவோவோடு கைகுலுக்கல். குவோமின்தாங், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டின் தலைவர்களும் அப்படிச் சந்தித்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

துரோகமா என்கிறீர்கள். சட்டப்படி, அரசின் அனுமதி இல்லாமல் யாரும் ஒப்பந்தம் போட முடியாது. அவரும் போடவில்லை. கட்சித் தலைவராகப் போனார், கட்சித் தலைவரைப் பார்த்தார், ஓர் அறிக்கை வந்தது. ஆனால் பெண் வீட்டில் சித்தப்பாவும் கையெழுத்து எதுவும் போடவில்லையே!

வழியனுப்பும்போது சீனா இரண்டு பாண்டாக்களைத் தருவதாக அறிவித்தது. பின்னால் அவற்றுக்கு வைத்த பெயர்கள் துவான் துவான், யுவான் யுவான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'துவான்யுவான்', பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வது என்று பொருள். சென் அரசு என்ன செய்யும்? வாங்கினால் பெயரோடு வாங்க வேண்டும். வேண்டாமென்றால் பாண்டாக் குட்டியைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2006இல் வேண்டாம் என்றே சொன்னது. தைவான் பழங்களுக்குச் சுங்க வரி நீக்கியதும் இதே கதைதான். பதினைந்து வகைப் பழங்களுக்கு 2005 ஆகஸ்டில் வரி போனது. அரசோடு பேசிப் போட்ட ஒப்பந்தம் அல்ல, பெய்ஜிங் தானாகக் கொடுத்தது. நன்றி யார் கணக்கில் எழுதப்படும்? 2008இல் குவோமின்தாங்கின் மா யிங்-ஜியோ அதிபரானார். அந்த டிசம்பரிலேயே பாண்டாக்கள் தைவான் தலைநகர் தைபே வந்து இறங்கின.

குவோமின்தாங்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்போது நாற்காலி மாறுகிறது. மா அரசு 2013 ஜூனில் சீனாவோடு, சேவைத் தொழில்களை ஒருவருக்கொருவர் திறந்துவிடும் சேவை வர்த்தக ஒப்பந்தம் போட்டது. எதிர்த் தரப்போடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. 2014 மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழுவில், கூச்சலுக்கு நடுவே, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அரை நிமிடத்தில் "பரிசீலனை முடிந்தது" என்று அறிவித்தார். மறுநாள் இரவு மாணவர்கள் அவைக்குள் புகுந்தார்கள். ஏப்ரல் 10 வரை வெளியேறவில்லை. அந்த ஒப்பந்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எதிரே இருந்தவரைச் சமாளித்தாயிற்று. பின்னால் இருந்தவரை? சொன்னேன் அல்லவா, இன்னும் வரும் என்று.

பெய்ஜிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. தைபேயிலிருந்து ஓர் எதிர்க்கட்சித் தலைவரை அழைத்து விருந்து வைக்கலாம். எதிர்க்கட்சியே இல்லாத பெய்ஜிங்கிலிருந்து தைபே யாரை அழைக்கும்? 2016இல் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங்-வென் அதிபராகப் பதவியேற்றதும், 1992இல் இரு தரப்பு அமைப்புகளும் பேசியபோது வந்ததாகச் சொல்லப்படும், இரு கரையும் 'ஒரே சீனா' என்ற புரிதலை அவர் ஏற்கவில்லை என்று சீனா அதிகாரபூர்வத் தொடர்பை நிறுத்தியது. குவோமின்தாங்குக்குக் கதவு திறந்தேதான் இருந்தது. 2024 ஏப்ரலில் முன்னாள் அதிபர் மா பெய்ஜிங் போய் ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார். சாய் கட்சியின் புது அதிபர் பதவியேற்க அப்போது ஆறு வாரம்கூட இல்லை.

தம்பி, என்னைக் கேட்டால் நீங்கள் துரோகத்தைப் பற்றிக் கேட்டதைவிட, இரு தரப்பு அமைப்புகளின் தலைவர்கள் முதன்முதலில் உட்கார்ந்து எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! 1993 ஏப்ரல், சிங்கப்பூர். தைவான் பக்கம் கூ சென்-ஃபு, சீனப் பக்கம் வாங் தாவ்ஹான். அப்போதே தைவானை விற்காதே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சிங்கப்பூர் வரை வந்துவிட்டார்கள். உள்ளே போட்ட ஒப்பந்தங்களில் ஒன்று எதைப் பற்றித் தெரியுமா? பதிவுத் தபால்! கடலின் இந்தப் பக்கம் போட்ட பதிவுத் தபால் அந்தப் பக்கம் காணாமல் போனால் யாரிடம் விசாரிப்பது, யார் இழப்பீடு கொடுப்பது. இன்னொன்று சான்றிதழ்களைச் சரிபார்ப்பது. 1949இல் பெண்டாட்டி பிள்ளைகளைச் சீனாவில் விட்டுவிட்டுக் கடல் தாண்டிய சிப்பாய் தைவானில் கிழவனாகி இறக்கிறான். அவன் சேமிப்பைக் கேட்டு அங்கிருந்து ஒரு மகன் எழுதுகிறான். அவன் மகன்தான் என்று எந்த முத்திரையை நம்புவது? நாற்பது ஆண்டு பகைக்குப் பிறகு இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள். இதற்குத் தனி உரையே வைக்க வேண்டும், வைக்கிறேன்.

எங்கள் அண்ணன் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு ஊரிலும் நடக்கவில்லை. நடுவில் இருந்த டவுனில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். சித்தப்பாதான் பந்தியில் நின்று பரிமாறினார். பெரியப்பா இலைக்கு மட்டும் வேறு ஆள் போனார்.