நிறைகுடம் ஜான் சார்லஸ்
(எங்கள் ஊர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோப்பைகளை வாங்கித் தந்த ஊராட்சித் தலைவர் அவர்களே, நான்கு நாள் வெயிலில் விசிலோடு ஓடிய நடுவர்களே, காலில் புழுதியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர் மைதானத்துச் சாவியைத் தராவிட்டால் இந்தப் போட்டியே கிடையாது.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அப்படி ஒரு கால்பந்து வீரரின் ஆட்டம், குணம் இரண்டையும் சொல்ல வந்தேன்.

ஜான் சார்லஸ், 1931-இல் வேல்ஸின் ஸ்வான்சியில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பில் சென்டர் ஹாஃபாக, அதாவது நடுவில் நின்று தடுப்பவராக ஆடிக்கொண்டிருந்தவரை, 1952-இல் மேலாளர் ஃபிராங்க் பக்லி சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவராக மாற்றினார். 1953-54 பருவத்தில் லீக்கில் மட்டும் 42 கோல்! அந்த கிளப்பில் இன்றுவரை ஒரு பருவத்தில் யாரும் அதைத் தாண்டவில்லை. 1957-இல் இத்தாலியின் யுவென்டஸ் 65,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. போன முதல் பருவத்திலேயே 28 கோல் அடித்து லீக்கில் முதலிடம். ஐந்து பருவங்களில் மூன்று லீக் பட்டம். கோல் அடித்து அணி முன்னிலைக்கு வந்துவிட்டால், பின்னால் போய்த் தடுப்பாட்டம் ஆடுவார். இரண்டு இடத்திலும் உலகத்தரம்!

சரி, ஆட்டம் இருக்கட்டும். தம்பிகளுக்கு வேண்டியது குணம்.

டூரின் நகரில் யுவென்டஸ், டொரினோ என்று இரண்டு அணிகள். நம் மேலத்தெரு, கீழத்தெரு மாதிரிதான், விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். இரண்டும் மோதிய ஒரு ஆட்டத்தில் யுவென்டஸின் சார்லஸ் பந்தோடு பாய்கிறார். ஆறடி இரண்டங்குல உடம்பு. தடுக்க வந்தவர் தெரியாமல் அடிபட்டு விழுந்துவிட்டார். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். தம்பி, நீயாக இருந்தால் என்ன செய்வாய்? நானாக இருந்தால் கோல் அடித்துவிட்டுத்தான் திரும்பியே பார்த்திருப்பேன். அவர் பந்தை வெளியே உதைத்தார்! விழுந்தவருக்கு முதலில் வைத்தியம் நடக்கட்டும் என்று. நிறைகுடம் தளும்பாது, ஐயா! இத்தாலிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே 'நல்ல ராட்சதன்'.

1958 உலகக் கோப்பையில் ஹங்கேரி ஆட்டக்காரர்கள் அவரை உதைத்து உதைத்தே நொண்ட வைத்தார்கள். அவர் ஒரு அடி திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் காயத்தால் பிரேசிலுக்கு எதிரான காலிறுதியில் ஆட முடியவில்லை. பதினேழு வயதுப் பெலே அடித்த ஒரே கோலில் வேல்ஸ் தோற்றது. அத்தனை வருடம் ஆடியும், நடுவரிடம் ஒரு எச்சரிக்கைகூட வாங்காதவர் அவர்.

நம் பக்கம் எப்படி இருக்கிறது? போன வருடம் ஒரு போட்டியில், நடுவராக நின்ற கல்லூரிப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அப்புறம் அவன் விசிலையே தொடவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நடுவர் இல்லாமல் எங்கே போய் ஆடுவீர்கள்? மூன்று வருடமாகக் கேட்கிறேன், இன்று மேடையிலேயே கேட்கிறேன்: அதிக கோல் அடித்தவருக்கு 5,000 ரூபாய் தருகிறோம். ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத அணிக்கும் அதே 5,000 தர வேண்டும். முதல் வருடத் தொகை என்னுடையது. செயலாளர் அவர்களே, தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள்.