ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சுகிறது?

அவையோருக்கு வணக்கம்.

உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மறு சாரார் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் போனதும் கதை மாறிவிட்டது. படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56.

இது கணினித் திரைக்கான பாடங்களை அமைக்கும் பாட வடிவமைப்பாளரின் மேசைக்கு வரும்போது ‘கேள்வி வைத்தால் மனதில் நிற்கும்’ என்று சுருங்கிவிடுகிறது. அவரும் ஒவ்வொரு திரையின் அடியிலும் ஒரு கேள்வி வைக்கிறார். விடையோ அதே திரையில் நான்கு வரி மேலே கிடக்கிறது! நினைவைத் துழாவ வேண்டிய மாணவர் கண்ணை மேலே ஓட்டி விடையைத் தொட்டுவிடுகிறார். முழு மதிப்பெண் வருகிறது. பாடம் முடிந்த கையோடு தேர்வு வைத்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஐந்து நிமிடச் சோதனை எப்படி ஏமாற்றும் என்பதற்கு அந்த 81-ஏ சாட்சி.

ஆகவே ஆய்வாளர் தம் முடிவை நிபந்தனைகளோடு கொடுக்க வேண்டும். கேள்வி வரும்போது பாடம் மறைந்திருக்க வேண்டும். விடையளித்த பின் சரியான விடை தெரிய வேண்டும். ‘முதலில் படிப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் எத்தனை நாள் இடைவெளி?’ என்று வடிவமைப்பாளரும் விடாமல் கேட்க வேண்டும். நினைவாற்றலை ஆராய்ந்த செபேடாவும் குழுவினரும் 2008-இல் கண்டது: ஒரு வாரம் நினைவில் நிற்க ஒரு நாள் இடைவெளி நன்று, ஓராண்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரம்.

தீர்த்துக் காட்டிய கணக்குகளும் இப்படி நிபந்தனைக்கு உட்பட்டவைதான். புதிதாகக் கற்பவருக்கு அவை கைகொடுக்கும். தேர்ந்தவருக்கு வீண் சுமை. அதனால் முதல் கணக்கை முழுதாகக் காட்டுங்கள், அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுங்கள், பிறகு இரண்டு படிகள். எந்தப் படியில் மாணவர் திணறினார் என்ற குறிப்பு ஆய்வாளரிடம் திரும்பிப் போக வேண்டும். என் கணிப்பில், ஆய்வாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே அதிகம் அறுந்துபோகும் இழை இதுதான்.

பாடம் வெளியான அன்றே வேலை முடிந்ததாகக் கணக்கை மூடிவிடுகிறார்கள். நாள் கழித்து வைக்க வேண்டிய தாமதத் தேர்வு அப்படியே கைவிடப்படுகிறது. திட்டம் போடும் முதல் நாளிலேயே அந்தத் தேர்வின் தேதியையும், அதை நடத்தப்போகிறவரின் பெயரையும் எழுதி வையுங்கள்.