கண்ணாடிக்குள்ள லித்தியம் ஓடுமா? பிஹெச் மீட்டர்ல இருந்து பேட்டரி வரைக்கும்!

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதுன்னு படிச்சிருப்பீங்க. எலெக்ட்ரான் போகாது, உண்மைதான். ஆனா அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள அணு, போகும்! லேப்ல கரைசலோட அமிலத்தன்மையை (பிஹெச்) அளக்கிற எலெக்ட்ரோடோட நுனிக் கண்ணாடிக் குமிழ் வேலை செய்யறதே அதனாலதான்.

வரலாறு ஒரே வரியில: 1909-ல வேதியியலாளர்கள் ஹாபரும் கிளெமென்சிவிச்சும் கண்ணாடி எலெக்ட்ரோடு பத்தி எழுதினாங்க. மேல போவோம்.

[திரையில்: குமிழின் குறுக்குவெட்டு]

இந்தச் சுவரோட தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். பழைய கலவையில சிலிக்கா 72 சதவீதம், சோடியம் ஆக்சைடு 22, கால்சியம் ஆக்சைடு 6. தண்ணியில ஊறினா மேற்பரப்புல ஜெல் மாதிரி ஒரு படலம் உண்டாகும். அங்க இருந்த சோடியம் வெளியேற, ஹைட்ரஜன் அயனி அந்த இடத்தைப் பிடிக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்த ஹைட்ரஜன் கண்ணாடியைத் தாண்டி மறுபக்கம் போறதே இல்ல! நடுவுல இருக்கிற சோடியம்தான் (இப்போ பெரும்பாலும் லித்தியம்) பக்கத்து இடத்துக்குத் தாவித் தாவி மின்னோட்டத்தைச் சுமக்குது. 25 டிகிரியில, ஒரு பிஹெச் மாறினா சுமார் 59 மில்லிவோல்ட் மாறும்.

அதனால அந்த ஜெல் படலத்தைக் காப்பாத்துங்க! டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு வைக்காதீங்க. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுல வைங்க. டிஷ்யூவால தேய்க்காம ஒத்தி எடுங்க. பிஹெச் 12-க்கு மேல, சோடியம் நிறைய இருக்கிற கரைசல்ல அளவு குறைச்சுக் காட்டும். சோடியத்தையும் ஹைட்ரஜன் கணக்குல சேர்த்துடுது.

சரி, பேட்டரிக்கு? உள்ள இருக்கிற திரவத்துக்குப் பதிலா, லித்தியம் அயனியைக் கடத்துற திடப்பொருளா இந்தக் கண்ணாடியைப் போடலாமா? இந்தக் குமிழோட தடை நூறு மெகாஓம் அளவுக்கு இருக்கும். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காததால அங்க பரவாயில்ல, பேட்டரிக்கு ஆகவே ஆகாது. வழி என்ன? ஆக்சிஜனுக்குப் பதிலா கந்தகம். அது பெரிய அணு, லித்தியத்தை இறுக்கிப் பிடிக்காது.

இந்தக் கந்தகக் கண்ணாடி ஒரு கிராமுக்குக் கணக்கு: லித்தியம் சல்ஃபைடு 0.383 கிராம், பாஸ்பரஸ் பென்டாசல்ஃபைடு 0.617 கிராம். மோல் விகிதம் 75-க்கு 25. சிர்கோனியா (ரொம்பக் கெட்டியான பீங்கான் வகை) பாத்திரத்துல, சிர்கோனியா குண்டுகளோட, பிளானட்டரி பால் மில்லுல (பாத்திரத்தைச் சுழற்றி, உள்ள இருக்கிற குண்டுகளால அரைக்கிற இயந்திரம்) பல மணி நேரம் அரைக்கணும். உருக்கவே வேண்டாம், அரைக்கிற வேகத்துலயே கண்ணாடி ஆயிடும்! கடத்துதிறன் அறை வெப்பத்துல சென்டிமீட்டருக்கு 0.0002 சீமென்ஸ் அளவுல வரும். பிஹெச் கண்ணாடியை விட லட்சக்கணக்கான மடங்கு. இன்னொரு வசதி, இது மெத்துனு இருக்கும். சூடு பண்ணாமலே 360 மெகாபாஸ்கல் அழுத்தத்துல பொடி ஒட்டிக் கெட்டியாயிடும்.

எல்லாமே ஆர்கான் கிளவ் பாக்ஸுக்குள்ளதான் (ஆர்கான் வாயு நிரப்பின, கையுறை வழியா வேலை செய்யற மூடின பெட்டி). ஈரம் பட்டா ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அழுகின முட்டை நாத்தம் வரும். ஆனா மூக்கை நம்பாதீங்க; அளவு கூடினா மோப்பமே மரத்துப் போயிடும். கேஸ் டிடெக்டர் இல்லாம இந்தப் பொடியைத் திறக்காதீங்க.