பிரிந்த பிறகு வரும் சிரிப்பு

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலையை ஒரு திரைப்பட உரைக்காக ஒதுக்கி வந்திருக்கும் மூத்தவர்களுக்கும், பின்வரிசைகளை நிரப்பியிருக்கும் தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கும் என் நன்றி. காதல் முறிந்த பிறகு ஒருவர் எப்படி மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்குகிறார் என்பதைச் சிரிக்க வைத்தபடியே சொல்லும் படங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அத்தகைய படம் தமிழில் ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது, நம் சிங்கப்பூரில் ஒருவர் அதை எழுத அமர்ந்தால் அவர் கையில் என்னென்ன இருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளும் பல ஆண்டுகளாக என்னோடு இருந்து வருகின்றன.

நமக்குள்ள முதல் தடை ஒரு சொல்லில் இருக்கிறது என்று கருதுகிறேன். இருவர் காதலித்துப் பிரிந்தால் அதை நாம் 'காதல் தோல்வி' என்கிறோம். தேர்தலில் தோல்வி, பந்தயத்தில் தோல்வி, வழக்கில் தோல்வி என்று எங்கெல்லாம் அந்தச் சொல் வருகிறதோ அங்கெல்லாம் எதிரே வென்றவர் ஒருவர் நிற்கிறார். காதலிலும் அப்படியே ஒருவரை நிறுத்த வேண்டியதாகிறது: பணக்கார மாப்பிள்ளை, கண்டிப்பான தந்தை, அல்லது ஏமாற்றிவிட்டுப் போனவள் என்று பழி சுமத்தப்படும் அந்தப் பெண். நம் இளையர்கள் 'பிரேக்கப் ஆகிவிட்டது' என்று சொல்லும்போது மொழி கலக்கிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன். அவர்கள் சொல்லும் சொல்லில் யாரும் தோற்பதில்லை. ஒன்று முறிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரிவு என்ற சொல்லுக்கோ தமிழில் மிக நீண்ட வரலாறு உண்டு. சங்கக் காதல் கவிதைகளின் இலக்கணமான அகத்திணையில் பிரிதல் பாலைத் திணைக்குரிய உரிப்பொருள், அதாவது மையப்பொருள். ஓதுவதற்காகவும் தூதின் பொருட்டும் பகைமேற் செல்வதற்காகவும் பொருள் தேடியும் தலைவன் பிரிகிறான். தலைவி கார்காலத்தை எண்ணிக் காத்திருக்கிறாள். முல்லையின் 'இருத்தல்' அந்தக் காத்திருப்புக்கு வைத்த பெயர். அவன் திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒருதலைக் காதலைத் தொல்காப்பியர் கைக்கிளை என்று ஐந்திணைக்குப் புறத்தே வைத்தார். ஆனால் உண்மையாகவே காதலித்த இருவர், பிறகு பேசி முடிவெடுத்து விலகி, தத்தம் வழியில் நடந்துபோவதற்கு அந்த ஐந்திணைக்குள் இடமில்லை. அந்தக் கவிதைகளைப் படித்து நான் இன்றும் உருகுகிறேன். என் மனக்குறை நம் திரைக்கதைகளின் மீதுதான். அவை பழைய பிரிவையே மனத்தில் வைத்துக்கொண்டு, போனவர் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் இருப்பவர் மாய வேண்டும் என்ற இரண்டு வழிகளுக்குள்ளேயே நெடுங்காலம் உழன்றன.

மாய்வதற்கு இலக்கணம் வகுத்த படம் 1953-இல் வந்த 'தேவதாஸ்'. சால்வையும் மதுக்கிண்ணமும் அதன் பிறகு காதலில் கலங்கிய ஆணின் சீருடையாகவே ஆகிவிட்டன. நாற்பது ஆண்டுகள் கழித்தும் நகைச்சுவை நடிகர்கள் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருமினால் அரங்கம் சிரித்தது. திரும்பி வருவதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 2012-இல் வெளியான 'காதலில் சொதப்புவது எப்படி'. அற்பச் சண்டைகளால் ஒரு காதல் எப்படிச் சிறுகச் சிறுகக் கிழிகிறது என்பதை அந்தப் படம் போலத் துல்லியமாகவும் நகைச்சுவையாகவும் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு; ஆயினும் இறுதியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அதுவும் முடிவெடுத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த 'ராஜா ராணி' ஒரு படி மேலே சென்று, பழைய காதலுக்குப் பிறகும் இன்னொரு காதல் மலரலாம் என்றது. அதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே நாயகனுடைய முதற்காதல் மரணத்தாலும் நாயகியுடையது மரணச் செய்தியாலும்தான் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் காதலுக்கு அவையோரின் ஒப்புதலைப் பெற முதற்காதலின் மீது சாவின் நிழல் விழ வேண்டியிருக்கிறது. ஒத்துவராமல் பிரிந்த இருவர், இருவருமே உயிரோடு, இருவருமே நல்லவர்களாக, வேறு வேறு வீடுகளில் நலமாக இருக்கலாம் என்பதை ஏற்க நம் திரை இன்னமும் தயங்குகிறது. 2004-இல் வந்த 'ஆட்டோகிராப்' அதற்கு மிக அருகில் வந்தது: தன் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, தான் முன்பு நேசித்தவர்களைத் தேடிப் போகிறான் ஒருவன். அது நெகிழ்ச்சியின் படம். சிரிப்பு அதன் நோக்கமாக இருக்கவில்லை.

ஆலிவுட்டிலும் தொடக்கத்திலிருந்தே நிலைமை வேறாக இருந்துவிடவில்லை. 1930-களிலும் 1940-களிலும் வந்த அமெரிக்கக் காதல் நகைச்சுவைகளில் மணமுறிவு பெற்ற தம்பதியர் படம் முடிவதற்குள் மறுபடி சேர்ந்துவிடுவார்கள். 1977-இல் வந்த 'ஆனி ஹால்' சேராமலே முடிந்து, அப்படி முடிந்த ஒரு கதையும் நகைச்சுவையாக இருக்க முடியும் என்று காட்டியது. 2008-இல் வந்த 'ஃபர்கெட்டிங் சாரா மார்ஷல்' படத்தில் பிரிவைத் தாங்க முடியாமல் ஹவாய்த் தீவுக்குப் போகிறவன், அதே விடுதியில் தன் முன்னாள் காதலி புதிய காதலனோடு தங்கியிருப்பதைப் பார்க்கிறான். இந்தக் கடைசி எடுத்துக்காட்டை மனத்தில் வைத்திருங்கள். சிங்கப்பூருக்கு வரும்போது அது தேவைப்படும்.

அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு எப்படி வருகிறது என்று கேட்கலாம். தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், நகை எனப்படும் சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அழுகை அதற்கு அடுத்து நிற்கிறது. நகை பிறக்கும் களங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறிவின்மை), மடன் (கொண்டதை விடாமை) என நான்கு. காதல் முறிந்த ஒருவர் முதல் மூன்று மாதங்களில் செய்பவற்றை எண்ணிப் பாருங்கள்: கைப்பேசியில் எண்ணை அழித்துவிட்டு, மனப்பாடமாக இருக்கும் அந்த எண்ணையே மறுபடி சேமிப்பது, இனிமேல் பார்ப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டு, அவர் கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தார் என்று நள்ளிரவில் பார்ப்பது. இளமையும் பேதைமையும் மடனும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கின்றன. எஞ்சிய எள்ளலை விளக்கும்போது பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானும் நகுவது மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த இரண்டாம் பகுப்பைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். தோழியோ அண்ணனோ தன்னைக் கேலி செய்யும்போது, முதல் மாதத்தில் சீறியவர், ஆறாம் மாதத்தில் அவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கிறார். அந்தத் தொலைவைக் கடப்பதுதான் இவ்வகைப் படத்தின் கதை. புதிய காதல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சிரிப்பு வந்தால் போதும், படம் நிறைவடைந்துவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தீவு இது; குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர்; அவர்களுக்குள் தமிழர் கூடும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஹவாய் விடுதியில் எதிர்பாராமல் நிகழ்ந்த சந்திப்பு இங்கே தேக்கா ஈரச்சந்தையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிகழக்கூடும். எனக்கு 28 வயதானபோது ஒரு நீண்ட காதல் முடிவுக்கு வந்தது. அதன் பின் ஓராண்டுக்கும் மேலாக நான் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குவதைத் தவிர்த்து, ஃபேரர் பார்க்கில் இறங்கி ரேஸ் கோர்ஸ் சாலை வழியாகச் சுற்றி நடந்தேன். நாங்கள் இருவரும் வழக்கமாகச் சாப்பிட்ட கடையின் வாசலைக் கடக்க என்னால் முடியவில்லை. பிறகு ஒரு நண்பரின் திருமணத்தில், பந்தி பரிமாற ஆள் போதாமல் எங்கள் இருவர் கையிலும் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். நான் சாம்பார் ஊற்ற, எனக்கு அடுத்து அவர் ரசத்தோடு வந்தார். மூன்றாம் இலையருகே, தலை நிமிராமலே, "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எதுவும் எஞ்சவில்லை. முன்னாள் காதலியைக் கொடியவளாக்கும் பாடல்களை அதன் பிறகு என்னால் கேட்க முடிந்ததில்லை.

இங்கு எழுதப்படும் கதைக்கென்றே வாய்த்த இன்னொரு களம் வீடு. நம் இளையர்களிடையே 'பிடிஓவுக்கு விண்ணப்பிக்கலாமா?' என்று, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டித் தரும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று, கேட்பதே திருமணத்துக்குக் கேட்பதாகும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மணம் செய்யப்போகும் இருவர் சேர்ந்து விண்ணப்பித்து, வரிசை எண் கிடைத்து, வீட்டைத் தேர்ந்தெடுத்து, நாலறை வீடானால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். பிறகு குத்தகை உடன்பாட்டில் கையொப்பமிடுகிறார்கள். கட்டடம் எழும்ப மேலும் சில ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இந்த நெடும் பயணத்தின் நடுவே காதல் முறிந்தால் என்ன ஆகும்? கையொப்பத்துக்கு முன்பு விலகினால் முன்பதிவுக் கட்டணம் போகும். கையொப்பத்துக்குப் பிறகு விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போகும். 4 இலட்சம் வெள்ளி வீடென்றால் அது 20,000 வெள்ளி. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். தனியாளாகவே இருந்துவிட்டால் 35 வயதாக வேண்டும்.

இதைவிடக் கூர்மையான காதல் நகைச்சுவைக் களத்தை எந்த ஊர் தரும்? தேர்வுக்கும் கையொப்பத்துக்கும் இடைப்பட்ட சில மாதங்களில் ஒரு காதல் முடிகிறது. இருவரும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அவனுடைய அம்மா புது வீட்டுக்கென்று சிராங்கூன் சாலையில் குத்துவிளக்கு வாங்கி வைத்துவிட்டார். அவளுடைய அத்தை மேசைக் கிரைண்டரே வாங்கிவிட்டார். பிரிந்துவிட்ட இருவர், கிரைண்டரை என்ன செய்வது என்று பேசுவதற்காகவே காப்பிக்கடையில் சந்திக்கிறார்கள். காதலித்த காலத்தில் ஒருமுறைகூட இத்தனை நிதானமாக ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டதில்லை என்பது அங்கேதான் அவர்களுக்குத் தெரிகிறது. எழுதுபவருக்குப் பெரிய சோதனை வரும் இடமும் அதுதான். பணம் மிச்சமாகும், பெற்றோர் மகிழ்வர், அரங்கமும் கைதட்டும் என்று அவர்களைச் சேர்த்து வைக்கக் கை துடிக்கும். அதற்கு இடம்கொடுக்க வேண்டாம் என்று இங்கே எழுதத் தொடங்கியிருக்கும் இளையர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் வேண்டுகிறேன். விலகிய பெண்ணின் பின்னாலேயே நாயகன் அலைவதையும், அவள் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவெல்லாம் நிற்பதையும் நம் படங்கள் நெடுங்காலமாகக் காதலின் உறுதியாகவே காட்டி வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் 2014-இல் இயற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் அப்படிப் பின்தொடர்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருப்பதால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லும் காட்சியிலேயே அவன் மீண்டெழும் கதை தொடங்கிவிடுகிறது. அவள் சொன்னதை அவன் கேட்கவே இல்லையென்றால் அந்தக் கதை தொடங்கவே இல்லை.

நான் எழுத நினைத்து முடிக்காமல் வைத்திருக்கும் நாடகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லி அமர்கிறேன். தோ பாயோவில் இருக்கும் வீவக நடுவம். கையொப்பமிடக் குறித்திருந்த நாள். இருவரும் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. அவளிடம் குடை இருக்கிறது, அவனிடம் இல்லை. பேருந்து நிறுத்தம் வரை ஒரே குடையில் நடக்கிறார்கள். அவனுடைய பேருந்து முதலில் வருகிறது. ஏறப் போனவன் திரும்பி, "கிரைண்டர்?" என்கிறான். "அத்தை வடை சுடப் போறாங்களாம், ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவுக்குக் கொடுத்து விடுறேன்," என்கிறாள் அவள். கதவு மூடுகிறது. சன்னலோரம் அமர்ந்தவன் சிரிக்கிறான், குடையை மடக்கியபடி அவளும் சிரிக்கிறாள், பேருந்து புறப்படுகிறது.

நன்றி. வணக்கம்.